அறுபது மூட்டை

நவம்பரில் சுற்றறிக்கை வந்தது.
நான்கு வரி, ஒரு முத்திரை:
ஜனவரி முதல் ஆகஸ்டு வரை
அயல்நாட்டு வெங்காயம் உள்ளே வரக் கூடாது.
காராங் சாவடிச் சுவரில் ஒட்டியவன் நான்தான்.
பசை காய்வதற்குள் மைத்துனன் பிராம் கூப்பிட்டான்.
"கடைசியில் எங்களையும் கண்ணுக்குத் தெரிந்ததா அரசாங்கத்துக்கு!"
பின்னால் லொம்புல் கடற்காற்று,
அவன் புது மோட்டாரின் இருமல்.

யாந்தே ஒன்றும் சொல்லவில்லை.
காவ்லாக்கில், லாரி நிறுத்தத்துக்கு எதிரே,
என் மனைவி ஆக்கிப்போடும் யாஸாவில்
கோழியைவிட வெங்காயம் அதிகம்.
ஏழாயிரம் பிராங்க் மூட்டை
பதினோராயிரம் ஆனது.
அவள் தட்டின் விலையை ஏற்றவில்லை,
தட்டைச் சிறிதாக்கினாள்.
லாரிக்காரர்கள் கவனிக்காததுபோல் தின்றார்கள்.
கவனித்ததை
மறுநாள் வராமல் சொன்னார்கள்.

"என் காசு என் தம்பிக்குத்தானே போகிறது,
நடுவில் நாலு கை மாறி.
நேராகவே கொடுத்திருப்பேனே,
இதற்கொரு சட்டமா?" என்றாள்.
அவனைக் கேட்டால் வேறு கணக்கு:
"கப்பலில் வரும் வெங்காயத்துக்குப் பின்னால்
குளிர்ந்த கிடங்கு இருக்கிறது, வங்கி இருக்கிறது,
ஒரு அரசாங்கமே இருக்கிறது.
என்னுடையதற்குப் பின்னால்
என் முதுகு மட்டும்."
இருவருமே பொய் சொல்லவில்லை.
அதில்தான் என் தூக்கம் கெட்டது.

ஏப்ரல்.
கேரட் போட்டவனும் கோஸ் போட்டவனும்
இந்த முறை வெங்காயமே போட்டிருந்தான்.
ஒரே வாரத்தில் லொம்புல் முழுக்க முதிர்ந்தது.
நீர்கோத்த உள்ளூர்க் காய்
பதினைந்து நாள் தாங்காது.
தடை வந்ததே தவிர
கிடங்கு வரவில்லை.
சாலையோரம் கொட்டியதைப் பார்த்து
ஆடுகள்கூட முகம் திருப்பின.
மோட்டாருக்கு வாங்கிய கடன் மட்டும்
அழுகவில்லை.

ஜூலை.
சரக்கு தீர்ந்தது, தடை தீரவில்லை.
யாந்தேவின் மூட்டை பதினெட்டாயிரம்.
காம்பியாப் பக்கமிருந்து வந்தது எப்ரிமாவின் லாரி,
நிலக்கடலை என்று சீட்டு.
மேலே இரண்டு வரிசை கடலைதான்.
கீழே அறுபது மூட்டை வெங்காயம்,
உருண்டையாய், ஒரே அளவாய், மொறமொறவென்று காய்ந்து.
கப்பல் சாதி. மூக்கே சொல்லிவிடும்.
ஆனால் சாக்கெல்லாம் நம் ஊர்ச் சாக்கு,
ஆளுக்கொரு குறி.
ஒன்றின் மூலையில் பச்சை மையில் மீன்.
அந்த மீனுக்குத் தகரம் வெட்டித் தந்தவன் நான்,
போன வருடம், பிராமின் முற்றத்தில்.

கூப்பிட்டேன். அவன் மறைக்கவில்லை.
"வெறும் சாக்குதானே விற்றேன், மச்சான்.
வெங்காயம் போட்டு விற்றதைவிட
வெறுஞ்சாக்கில் அதிகம் கிடைத்தது."
பின்னால் மோட்டார் சத்தம் இல்லை.

வேலியே பயிரை மேயும் என்பார்கள்.
இங்கே பயிர்
வேலியைப் பிடுங்கி
விறகுக்கு விற்றிருந்தது.

எப்ரிமா பல்குச்சியை மென்றபடி காத்திருந்தான்.
தடையை எடுத்தால்
அடுத்த நவம்பரில் லொம்புலில் நாற்று இருக்காது.
வைத்திருந்தால்
இந்த லாரிக்குப் பின்னால் இன்னொன்று.
நல்லதா கெட்டதா என்று
டக்கார் மாடிகளில் கூடிப் பேசலாம்,
நடுவே தேநீர் வரும்.
எனக்கு இருந்தது ஒரு பேனா,
ஒரு பறிமுதல் படிவம்,
எண்ணிக்கைக்கு ஒரு சின்னக் கட்டம்.

ஐம்பத்தொன்பது என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை
யாந்தேவின் தட்டு பழைய அளவுக்குத் திரும்பியிருந்தது.
மீனைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.
சாக்கை உள்வெளியாகத் திருப்பி
வாசலில் மிதியடியாகப் போட்டாள்.
லாரிக்காரர்கள் காலைத் துடைத்துக்கொண்டு
உள்ளே வந்தார்கள்.